உச்ச நீதிமன்றமும் ஊர்க் கிணறும்

மக்களாட்சி நாட்டில் மன்னன் இல்லை. மன்னனின் இடத்தில் அரசமைப்பு இருக்கிறது. 26.11.1949 அன்று அரசமைப்பு அவை ஏற்றுக்கொண்ட அந்நூல், 26.1.1950 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, 28.1.1950 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் தில்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. நாட்டுக்கு ஒரு நூல். அந்நூலுக்குப் பொருள் சொல்ல ஒரு மன்றம்.

தமிழ் பயின்றோர்க்கு இவ்வுறவை விரித்துரைக்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வாய்த்தார். திருக்குறளுக்குப் பரிமேலழகர் வாய்த்தார். அதுபோல் அரசமைப்புக்கு உரையாசிரியராக வாய்த்திருப்பது உச்ச நீதிமன்றம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பரிமேலழகர் உரையை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். உச்ச நீதிமன்றம் சொல்லும் உரையோ, அரசமைப்பின் 141ஆம் உறுப்பின்படி, நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் சட்டமாகிவிடுகிறது. நம் நிலம், நீர், கல்வி, தொழில், உயிர் ஆகிய அனைத்தும் அவ்வுரையின் எல்லைக்குள் அடங்குகின்றன.

மூலநூல் விளங்க வேண்டும் என்பதற்காகவே உரை எழுதப்படுகிறது. அரசமைப்புக்கு உச்ச நீதிமன்றம் எழுதும் உரை யாருக்கு விளங்குகிறது? அதன் பயனைப் பெற வேண்டிய தமிழ்க் குடிமகன் அதனைப் படித்தறிய இயலுமா? இவ்வினாவைத் தமிழ்த்துறையின் மலரில் எழுப்புவது பொருத்தமற்றதாகாது என்று நம்புகிறேன்.

மாறுபட்டு ஒலித்த குரல்

உச்ச நீதிமன்றத்தின் தொடக்க கால வரலாற்றில் நம் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டிலேயே எழுந்த பெருவழக்குகளுள் ஒன்று, ஏ.கே. கோபாலன் அவர்களுக்கும் சென்னை மாநில அரசுக்கும் இடையே நடந்தது. பொதுவுடைமை இயக்கத் தலைவரான அவர், 1950ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தின்படி சிறையில் வைக்கப்பட்டிருந்தார். அடிப்படை உரிமை மீறப்பட்டால் குடிமகன் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகலாம் என்பது 32ஆம் உறுப்பு. அதனை அரசமைப்பின் இதயமும் உயிரும் என்று அண்ணல் அம்பேத்கர் போற்றினார். அவ்வுறுப்பைப் பற்றிக்கொண்டே கோபாலன் வழக்குத் தொடுத்தார். 19.5.1950 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் நீக்கிவிட்டு, அவருடைய காவலைச் செல்லும் என்றது. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையைச் சட்டமாக இயற்றிவிட்டால், அந்நடைமுறை நியாயமானதா என்று ஆராய வேண்டியதில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து.

அன்று மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர்களுள் ஒருவர் நீதிபதி சையத் ஃபசல் அலி. உரிமைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. ஒருவருடைய உரிமையைப் பறிக்கும் நடைமுறையில் இயற்கை நீதி இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அன்றைக்கு அது தோற்ற கருத்து. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து, 1970இல் வங்கிகள் நாட்டுடைமை வழக்கில், உச்ச நீதிமன்றமே அவர் காட்டிய திசைக்குத் திரும்பியது. 25.1.1978 அன்று மேனகா காந்தி வழக்கில், உயிருக்கும் தன்னுரிமைக்கும் காவலான 21ஆம் உறுப்பு புதிய ஆழம் பெற்றது. நடைமுறை ஒன்று சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று மன்றம் உரை வகுத்தது. அதன்பின் வந்த தீர்ப்புகளில், உயிர் வாழும் உரிமை என்பது தூய நீரும் தூய காற்றும் பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என்று அப்பொருள் மேலும் விரிந்தது.

ஒரு நீதிபதி எழுதிவைத்த மாற்றுக் கருத்து, காலம் கனிந்தபோது எடுத்தாளப்பட்டது. அது எழுத்தில் இருந்ததாலும், அதனைப் படிக்கத் தெரிந்தோர் இருந்ததாலுமே அது பயன்பட்டது. அது திறந்த வழியே பின்னாளில் நம் திண்டுக்கல் வரை வந்து சேர்ந்தது.

நம் கிணறுகளின் கதை

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருவது. ஊரார் தோல் ஷாப்பு என்று வழங்கும் அவ்விடங்கள் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. நம் சமுதாயத்தார் பலர் அத்தொழிலில் முதலாளிகளாகவும் தொழிலாளர்களாகவும் இருந்துள்ளனர். ஆவாரம் பட்டை கொண்டு தோலைப் பதனிட்ட காலம் மாறி, குரோமியம் கலந்த இரசாயனங்களின் காலம் வந்தது. கழிவுநீர் மண்ணில் இறங்கியது. மண்ணுக்கு அடியில் சாதியும் இல்லை, சமயமும் இல்லை. நீர் மட்டுமே இருக்கிறது. அந்நீர் கெட்டது.

வேலூர்ப் பகுதிக் குடிமக்கள் அமைப்பு ஒன்று 1991இல் 32ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி எழுந்த அவ்வழக்கில் நம் மாவட்டமும் இடம்பெற்றது. நீதிபதிகள் குல்தீப் சிங், பைசானுத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோர் 28.8.1996 அன்று தீர்ப்பு வழங்கினர். அத்தீர்ப்பில், தன்னார்வத் தொண்டு அமைப்பு ஒன்று திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் எடுத்த கணக்கு எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்டுவந்த 467 கிணறுகளில் 350 கிணறுகள் மாசடைந்திருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதையும், குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன என்பதையும் தீர்ப்பு பதிவு செய்துள்ளது.

மன்றம் தொழிலைப் பகைக்கவில்லை. அயல்நாட்டுச் செலாவணி ஈட்டுவதும் வேலைவாய்ப்பு அளிப்பதுமான தொழில் என்று அதனை மதித்தது. ஆனால் மக்களின் நலத்தையும் மண்ணின் வளத்தையும் அழித்து வளர எத்தொழிலுக்கும் உரிமை இல்லை என்று வரையறுத்தது. கேடு நேருமுன் தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே அதன் இழப்பைச் சுமக்க வேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. அன்று திண்டுக்கல் அண்ணா என்று பெயர் பெற்றிருந்த நம் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டும், 30.11.1996க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனிச் சுத்திகரிப்புக் கருவியோ அமைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறாதவை மூடப்பட வேண்டும். பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையம் அமைய வேண்டும் என்றெல்லாம் ஆணையிட்டது.

இந்தியாவின் சட்டக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் இத்தீர்ப்பைத் தாண்டிச் செல்ல முடியாது. அதாவது, ரெட்டியார்சத்திரத்துக் கிணறுகளின் கதை நாடெங்கும் பாடமாகியிருக்கிறது. அக்கிணறுகளுக்கு உரியவர்களோ அதனைப் படித்ததில்லை. படிக்க இயலவில்லை, ஏனெனில் அது வெளிவந்த நாளில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தம் கிணறு எண்ணப்பட்டிருப்பதும், தமக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு என்று நாட்டின் உச்ச மன்றம் சொன்னதும் அவ்வூர் உழவர்க்குச் செவிவழிச் செய்தியாகவே வந்து சேர்ந்திருக்க வேண்டும். தொழிற்சாலைக்கு எத்தனை நாள் தவணை, எதற்காக அபராதம், எதைச் செய்தால் தொழில் நிலைக்கும் என்பனவெல்லாம் அங்கே பாடுபட்ட தொழிலாளிக்கும் பிறர் வாயிலாகவே தெரிந்திருக்கும். உழவரும் தொழிலாளியும் முதலாளியும் ஒரே தீர்ப்பை ஒரே மொழியில் படித்திருந்தால், ஒருவரையொருவர் ஐயுறுவதற்கு மாறாக, ஒரே மேசையில் அமர்ந்து பேச இடம் பிறந்திருக்கும்.

நீரை மக்கள் அனைவர்க்கும் பொதுவாக வைத்த நபிமொழியைக் கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். ஆகவே இச்செய்தியை நம் மலரில் மறைக்காமல் எழுதுவதே முறை. இது முடிந்துபோன பழங்கதையும் அன்று. வேலூர் மாவட்டத்துப் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 30.1.2025 அன்று மீண்டும் தீர்ப்பளித்து, இழப்பீட்டையும் சீரமைப்பையும் வலியுறுத்த வேண்டியிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்றை மீண்டும் சொல்ல நேர்ந்ததற்குக் காரணங்கள் பல இருக்கலாம். யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவர்கள் கையில் அத்தீர்ப்பு ஒரு கருவியாகச் சென்று சேரவில்லை என்பது அவற்றுள் ஒன்று என்பேன்.

புரிந்த தீர்ப்பு என்ன செய்யும்?

மக்களுக்குப் புரிந்த தீர்ப்பின் ஆற்றலுக்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னை மாகாணத்தில் நடப்பிலிருந்த வகுப்புவாரி ஆணை, கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பகுத்தது. அவற்றுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில் இவ்வாணை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950இல் கூறியது, 9.4.1951 அன்று உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

அத்தீர்ப்பும் ஆங்கிலத்திலேதான் எழுதப்பட்டது. ஆனால் அதன் பொருளைத் தந்தை பெரியார் உள்ளிட்ட தலைவர்களும் தமிழ் இதழ்களும் மேடைகளும் மக்களின் மொழியில் எடுத்துச் சொல்லினர். தம் பிள்ளைகளின் படிப்பு எங்கே நிற்கிறது என்பது பாமரர்க்கும் விளங்கியது. கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு சூன் திங்களில் அரசமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15ஆம் உறுப்பில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. பிற்பட்ட வகுப்பினரின் கல்விக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர், நேராகவோ மறைமுகமாகவோ, அந்த உட்பிரிவின் பயனைப் பெற்றவர்களே.

நீதிமன்றம் பேசியது, மக்கள் புரிந்துகொண்டு மறுமொழி சொன்னார்கள், நாடாளுமன்றம் செவி சாய்த்தது. அரசமைப்பு உயிரோடு இருக்கிறது என்பதன் பொருள் இதுதான். ஒரு தரப்பு பேசுவது மறு தரப்புக்கு விளங்காவிடில் உரையாடல் ஏது?

மொழி என்னும் சுவர்

அரசமைப்பின் 348ஆம் உறுப்பு, நாடாளுமன்றம் சட்டத்தால் வேறு வகை செய்யும் வரையில், உச்ச நீதிமன்றத்தின் நடவடிக்கைகளும் உயர் நீதிமன்றங்களின் நடவடிக்கைகளும் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும் என்கிறது. ஆயினும் அவ்வுறுப்பே ஒரு சாளரத்தையும் திறந்து வைத்துள்ளது. குடியரசுத் தலைவரின் முன் இசைவுடன், மாநிலத்தின் ஆட்சிமொழியை அம்மாநில உயர் நீதிமன்றத்தில் பயன்படுத்த ஆளுநர் அனுமதிக்கலாம். இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இவ்வழியே இந்தி இடம்பெற்றுள்ளது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 6.12.2006 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. வேறு சில மாநிலங்களும் தத்தம் மொழிக்கு இவ்வாறே வேண்டின. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் கூடிய முழு அமர்வு 2012 அக்டோபரில் இவ்வேண்டுகோள்களை ஏற்க இயலாது என முடிவு செய்தது. இந்தி நுழைந்த சாளரத்தில் தமிழ் நுழைய முடியவில்லை. அரசமைப்பு எல்லா மொழிகளுக்கும் திறந்த சாளரம் அது என்பதை நினைக்குந்தோறும் இம்முடிவு வருத்தம் தருகிறது.

மாறுபட்ட தீர்ப்பெழுதிய அதே ஃபசல் அலி அவர்களே பின்னர் மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவராக இருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவ்வாணையத்தின் 1955ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி, 1.11.1956 அன்று மொழிவழியாக மாநிலங்கள் அமைந்தன. சட்டமன்றம் தமிழ் பேசியது. அரசு அலுவலகம் தமிழில் எழுதக் கற்றது. கல்லூரி தமிழில் பாடம் சொன்னது. உயர் நீதிமன்றத்தின் வாயிலில் மட்டும் தமிழ் நின்றுவிட்டது. 24.7.2004 அன்று மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை தொடங்கப்பட்டபோது, வழக்குக்காகச் சென்னை வரை செல்ல வேண்டிய துன்பம் திண்டுக்கல் மக்களுக்கு நீங்கியது. வழியின் தொலைவு குறைந்தது. மொழியின் தொலைவு அப்படியே இருக்கிறது.

ஒரு நல்ல தொடக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில மாநில மொழிகளில் பெயர்க்கப்பட்டு வெளியாகின்றன. தமிழும் அவற்றுள் ஒன்று. மகிழத்தக்க செய்தி. ஆனால் அம்மொழிபெயர்ப்புகளுடன் ஓர் எச்சரிக்கையும் இணைந்து வருகிறது. வழக்காடுபவர் தம் மொழியில் புரிந்துகொள்ள மட்டுமே இது. வேறு எதற்கும் பயன்படுத்தலாகாது. ஆங்கில வடிவமே அதிகாரம் உடையது என்பது அதன் கருத்து. பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். கையில் தரப்பட்டிருப்பது சாவியின் படம், சாவி அன்று.

கண்ணகிக்கு வழக்கறிஞர் இல்லையா?

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, கண்ணகிக்கு வழக்கறிஞர் இல்லையா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கோ அது சிரித்து ஒதுக்கும் வினாவாகத் தோன்றவில்லை.

கண்ணகி வேற்று நாட்டுப் பெண், செல்வாக்கற்றவள், கணவனை இழந்து நின்றவள். ஆயினும் பாண்டியன் அவையில் தானே நின்று தன் வழக்கை உரைத்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் சொன்னான், சிலம்பு உடைக்கப்பட்டது, உண்மை வெளிப்பட்டது. சான்று, விசாரணை, முடிவு ஆகிய மூன்றும் அவள் அறிந்த மொழியில், அவள் கண்முன் நடந்தன. தவறிழைத்தவன் அரசனே என்று அவ்வவையில் இருந்த அனைவர்க்கும் அக்கணமே விளங்கியது. அவளுடைய நீதிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

இக்காலத்து வழக்கிற்கு வழக்கறிஞர் இன்றியமையாதவர். சட்டம் பெருகிவிட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தன் வழக்கறிஞர் தனக்காக என்ன பேசுகிறார் என்பதும், நீதிபதி தன்னைப் பற்றி என்ன எழுதினார் என்பதும் வழக்காடுபவருக்குத் தெரியாமலே வழக்கு முடிவது, கண்ணகியின் மதுரையிலிருந்து நாம் முன்னேறிய முன்னேற்றமாகாது.

தடைகளும் விடைகளும்

நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் நீதிபதிகள் எல்லா மொழிகளையும் அறிய முடியுமா என்று கேட்பர். நியாயமான கேள்வி. நீதிபதிகள் தமிழில் சிந்தித்து எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்படும் தீர்ப்பு, வழக்கு எந்த மாநிலத்தில் எழுந்ததோ அம்மாநிலத்தின் மொழியிலும் அதே நாளில் வெளிவர வேண்டும். அவ்வடிவத்திற்கும் அதிகாரம் வேண்டும் என்பதே கோரிக்கை. கனடாவின் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளியிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்தில் 24 ஆட்சிமொழிகளுள் எதிலும் வழக்குத் தொடுக்கலாம். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

தமிழில் சட்டச் சொற்கள் போதுமா என்று கேட்போரும் உளர். அடிப்படை உரிமை, ஆட்கொணர்வு மனு, இடைக்காலத் தடை, மேல்முறையீடு, முன்பிணை ஆகிய சொற்கள் இன்று தேநீர்க் கடையில் நாளிதழ் படிப்பவர் நாவில் புழங்குகின்றன. சொல் இல்லாமல் மொழி தோற்பதில்லை. பயன்படுத்துவார் இல்லாமலே தோற்கிறது. ஆயினும் தமிழாசிரியர்களாகிய நாம் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். அகராதியைப் புரட்டினாலன்றி விளங்காத கடுந்தமிழில் ஒரு தீர்ப்பைப் பெயர்த்தால், ஆங்கிலச் சுவர் இருந்த இடத்தில் தமிழ்ச் சுவர் எழுந்ததாகவே முடியும். ரெட்டியார்சத்திரத்து உழவர்க்குப் புரிவதே சட்டத் தமிழின் அளவுகோலாக இருக்க வேண்டும்.

நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு நேருமே என்று அஞ்சுவோர்க்கு அரசமைப்பு அவையின் வரலாறே விடை தரும். 1949 செப்டம்பரில் மொழி குறித்த விவாதம் நடந்தபோது, தொன்மையே அளவுகோல் எனில் அத்தகுதி தமிழுக்கே உரியது என்னும் பொருள்படக் கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்கள் எடுத்துரைத்தார்கள். நாட்டின் மீது பற்றும் தாய்மொழி மீது பற்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவர்கள் தம் வாழ்வாலேயே காட்டினார்கள்.

நாம் செய்யத்தக்கன

தில்லியின் முடிவை எதிர்நோக்கிக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இங்கேயே செய்யத்தக்க பணிகள் உள்ளன. அரசமைப்பின் தமிழ் வடிவம் அச்சில் வந்துள்ளது. அது ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும், பள்ளிவாசல் நூலகத்திலும், ஊராட்சி நூலகத்திலும் இடம்பெற வேண்டும். தமிழ் இலக்கிய மாணவர்க்குச் சட்டத் தமிழும் மொழிபெயர்ப்பும் ஒரு தாளாக அமைய வேண்டும். வெளிவந்த தமிழ்த் தீர்ப்புகளை ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை கண்டு திருத்தி எழுதுவதை மாணவர்தம் பயிற்சியாக வைக்கலாம். முதற்பணியாக, நம் கிணறுகளைப் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பை எளிய தமிழில் சுருக்கி, அப்பதின்மூன்று ஊர்களுக்கும் கொண்டு சென்று படித்துக் காட்டலாம். அங்குள்ள பெரியோர் கேட்கும் வினாக்களுக்கு விடை தேடும்போது, நம் மாணவர் சட்டமும் கற்பர், தமிழும் கற்பர்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அனுப்பும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும் சட்டக் கல்விக்குத் தாருங்கள். தமிழில் வழக்காடவும் தமிழில் தீர்ப்பெழுதவும் வல்ல தலைமுறை உருவானால், 348ஆம் உறுப்பின் சாளரம் நெடுநாள் மூடிக்கிடக்க முடியாது.

அரசமைப்பின் முகப்புரை "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. அந்த "நாம்" என்ற சொல்லில் ரெட்டியார்சத்திரத்து உழவரும் பேகம்பூரின் தொழிலாளியும் அடங்குவர். அவர்கள் பெயரால் எழுதப்பட்ட நூலும், அந்நூலுக்கு உச்ச நீதிமன்றம் வகுக்கும் உரையும் அவர்கள் படித்து, உடன்பட்டு, வேண்டின் மறுத்துப் பேசத்தக்க மொழியில் அவர்கள் வீட்டு வாயிலுக்கு வந்து சேர வேண்டும். அதுவரை உயர்ந்த தீர்ப்புகள் பல தில்லியில் எழுதப்படும். நம் கிணற்றடியில் அவை எட்டாக் கனியாகவே இருக்கும்.